எந்த ஊர் விளைச்சல்?

கேள்வி: உள்ளூரில் விளைந்ததை மட்டுமே இனிச் சாப்பிடுவது என்று சபதம் எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து என் கணவர் காபி டம்ளருக்குப் பிரியாவிடை கொடுப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்யட்டும்?
– ராஜபாளையம் வாசகி

பதில்: அவரை நிம்மதியாகக் குடிக்கச் சொல்லுங்கள். கனடாவின் வான்கூவரில் அலிசா ஸ்மித், ஜே.பி. மெக்கின்னன் என்ற ஜோடி 2005-ல் இதே மாதிரி ஒரு சபதம் எடுத்தது. வீட்டைச் சுற்றி நூறு மைலுக்குள், அதாவது 160 கிலோமீட்டருக்குள் விளைந்ததை வைத்தே ஓராண்டு வாழ்வது என்று. கோதுமை கிடைக்காமல் மாதக்கணக்கில் உருளைக்கிழங்கைத் தின்று தீர்த்தார்கள்.

அதே வட்டத்தை ராஜபாளையத்தை நடுவில் வைத்துப் போடுங்கள். தூத்துக்குடி உப்பு, கம்பம் திராட்சை, கொடைக்கானல் பூண்டு, இடுக்கி மிளகும் ஏலக்காயும், மூணாறு தேயிலை, கன்னியாகுமரி மீன் எல்லாமே உள்ளே வந்துவிடும். பழனிமலைச் சரிவில் விளையும் காபியும் உண்டு. இவ்வளவு வாய்ப்பான இடத்தில் உட்கார்ந்துகொண்டு சபதத்துக்குப் பயப்படலாமா? ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள்: ‘உள்ளூர் மட்டுமே’ வேண்டாம், ‘உள்ளூர் முதலில்’ என்று வையுங்கள். குடும்பமும் தப்பும், சபதமும் தப்பும்.

கேள்வி: பால்கோவா உள்ளூர் உணவுதானே? அப்படியானால் என் சபதத்தை இன்றே ஆரம்பிக்கத் தயார்.
– ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகர்

பதில்: உங்கள் உற்சாகம் புரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலையும் சர்க்கரையையும் விறகு அடுப்பில் வைத்து, கை ஓயாமல் கிண்டி, பத்து லிட்டர் பாலை நான்கு கிலோவுக்கும் கீழே சுண்ட வைக்கிற பண்டம் அது. அந்தப் பத்து லிட்டருக்குப் பின்னால் சுற்றுக் கிராமங்களில் விடியுமுன் எழுந்து மாட்டைக் கவனிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பால் இங்கே கறந்தது, கிண்டிய கை இங்கே உள்ளது என்று தெரிந்த கடையில் வாங்கினால் அது அசல் உள்ளூர் உணவு. அட்டைப்பெட்டியில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

அளவும் முக்கியம். சொந்த ஊர்ப் பண்டம் என்பதற்காக உடம்பு சலுகை காட்டாது. திருவிழாவுக்குப் பால்கோவா, தினத்துக்கு அதே மாட்டின் பாலும் மோரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்காரருக்கு இரண்டும் வருமானம்தான்.

கேள்வி: நான் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். சீசன் உச்சத்தில் விலை விழுந்துவிடுகிறது. டவுனில் இருப்பவர்கள் சபதம் எடுத்தால் எனக்கு என்ன வந்துவிடப் போகிறது?
– சேத்தூர் விவசாயி

பதில்: ஐயா, எனக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். சாப்பிடுகிறவர் எடுக்கும் சபதம் அவருடைய உடம்புக்கு மட்டும் நல்லது செய்தால் அது பத்தியம். உங்கள் தோப்புக்கும் நல்லது செய்தால்தான் அது சபதம்.

ஏன் என்று சொல்கிறேன். வெளியூர்ச் சந்தைக்குப் பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் தெரியும். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ராஜபாளையம் வட்டாரத்துக்காரர்கள். இந்த ரகங்களை இந்த ஊர்க்காரர்களே மறந்துவிட்டால் வேறு யார் நினைவு வைத்திருப்பார்கள்? கேட்பார் இல்லாத மரம் வெட்டப்படும், தோப்பு மனையாகும். நட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து காய்க்க வைத்த மரத்தை அடுத்த சீசனில் திரும்பக் கொண்டுவர முடியாது.

அதனால் டவுன் வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கூடை நூறு ரூபாய் ஏறும்போது தேடிப் போய் வாங்குவது ஆசை. வரத்து குவிந்து விலை விழும் வாரத்தில் இரண்டு கூடை சேர்த்து வாங்கி, வத்தல் போட்டு, ஊறுகாய் போட்டு, பக்கத்து வீட்டுக்கும் கொடுப்பதுதான் நீங்கள் தந்த வாக்கு.

கேள்வி: பக்கத்தில் விளைந்ததைச் சாப்பிட்டால் புவி வெப்பமாவது குறையும் என்று கல்லூரியில் பேசப் போகிறேன். சரிதானே?
– கிருஷ்ணன்கோவில் மாணவி

பதில்: பாதி சரி. மேடை ஏறுமுன் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 119 நாடுகளில் சுமார் 38,000 பண்ணைகளின் விவரங்களை வைத்து ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்கில், உணவால் வரும் வெப்ப வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான். 2022-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உரம், இயந்திரம் போன்றவை பயணப்படுவதையும் சேர்த்துக் கணக்கிட்டு, கிட்டத்தட்ட 20 சதவீதம் என்றார்கள். இரண்டில் எதை எடுத்தாலும், எவ்வளவு தூரம் வந்தது என்பதைவிட என்ன பொருள், எப்படி விளைந்தது என்பதற்கே எடை அதிகம்.

ஆகவே லாரிப் புகையை மட்டும் நம்பி வாதாடாதீர்கள். காலையில் பறித்த கீரையின் ருசி, ஊருக்குள்ளேயே சுற்றும் காசு, தோப்பாகவே நிற்கும் தோப்பு: இவற்றைச் சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கத்தைப் பார்த்துப் போடும் சூடு இல்லையா?
– வத்திராயிருப்பு வாசகர்

பதில்: திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வந்தால் வழியில் டி.கல்லுப்பட்டி வரும். அங்கே 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தார். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்தவர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டி வளர்த்தவர் அவர். கைக்குத்தல் அரிசி, செக்கு எண்ணெய், வெல்லம் ஆகியவற்றுக்காக அந்தச் சங்கம் பாடுபட்டது. உறுப்பினராகச் சேருகிறவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். மற்றவற்றைவிடக் கிராமத்தில் உற்பத்தியானதையே விரும்பி வாங்குவேன் என்பது அதில் ஒன்று.

கவனியுங்கள், வேறு எதையும் தொடமாட்டேன் என்று அவர்களும் சொல்லவில்லை. கிராமத்துக்கு முதலிடம் என்றார்கள். வான்கூவர் ஜோடிக்கு எழுபது ஆண்டு முந்தியது இந்தச் சபதம். உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் அதன் தலைமகன் வாழ்ந்திருக்கிறார்.

கேள்வி: உழவர் சந்தைக்குப் போனால் எல்லாமே உள்ளூர் என்று நம்பலாமா?
– ராஜபாளையம் வாசகர்

பதில்: நம்பலாம், கேட்டுவிட்டு நம்புங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதே, விளைவித்தவரும் வாங்குகிறவரும் நடுவில் ஆள் இல்லாமல் சந்திக்க வேண்டும் என்பதற்காகத்தான். விவசாயிக்கு அடையாள அட்டை உண்டு. அன்றைய விலை பலகையில் இருக்கும். இவ்வளவு வசதி செய்து கொடுத்த பிறகும் “எந்த ஊர்க் காய்?” என்று கேட்காமல் பையை நீட்டினால் எப்படி?

கேட்டால் வேறு லாபமும் உண்டு. சீனி அவரைக்காய் எந்தத் தோட்டத்தில், சாத்தூர் வெள்ளரிப்பிஞ்சு எப்போது வரும், எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கிறது என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். அரிசியோடு நிறுத்தாமல் குதிரைவாலியையும் விசாரியுங்கள். மழையை நம்பிய நம் மாவட்டக் கரிசல் காட்டின் சொந்தத் தானியம் அது.

கேள்வி: சபதத்தை எழுதி அடுப்படியில் ஒட்டப் போகிறேன். வாசகம் சொல்லுங்கள்.
– மம்சாபுரம் வாசகி

பதில்: நான்கு வரி போதும். காய், கீரை, பழம், பால், தேங்காய் ஐந்திலும் பக்கத்தில் விளைந்ததை முதலில் வாங்குவேன். எந்த ஊர் என்று கேட்பேன். விலை விழும் வாரத்தில் கூடுதலாக வாங்குவேன். விருந்துக்குப் போன வீட்டில், இலையில் வைத்ததை விசாரணை இல்லாமல் சாப்பிடுவேன்.

கேள்வி: சபதம் நடுவில் உடைந்துவிட்டால்?
– ஸ்ரீவில்லிபுத்தூர் வாசகி

பதில்: மதியம் உடைந்ததை ராத்திரிச் சாப்பாட்டில் சேர்த்துவிடலாம். நீங்கள் ஒரு வேளை தவறுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. வெட்கப்பட்டு அடியோடு விட்டுவிட்டால், உங்களை நம்பிக் கத்தரி நாற்று நட்டவருக்கு நஷ்டம். அவருக்குக் கொடுத்த வாக்கு இது. நாளைக்கும் போய் வாங்குங்கள்.