நாலரை மணித்தியாலத் துபாய்

கட்டுநாயக்கவிலிருந்து துபாய் ஏறக்குறைய 3,300 கிலோமீட்டர். விமானத்துக்கு நாலரை மணித்தியாலம் போதும். பதுளையிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயில்பாதை 290 கிலோமீட்டர் சொச்சம். பத்து மணித்தியாலம், அதுவும் எங்கும் மண் சரியாமல் இருந்தால். 1924இல் பதுளையை எட்டிய இந்தப் பாதை, தெமோதரையில் ஒரு வட்டமடித்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும். தோட்டக் கங்காணி ஒருவர் தலைப்பாகை கட்டியதைப் பார்த்துத் தோன்றிய யோசனையாம்! கங்காணிக்கு அன்று கொழும்பில் அவசர வேலை எதுவும் இல்லை போலும்.

பதுளைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்குத் துபாய் போகிறவள் லயத்திலிருந்து ரோட்டுக்குப் பெட்டியைத் தலையில் வைத்து இறங்கும் நேரம் எந்த டிக்கெட்டிலும் வராது. ஏஜென்சிக்காரரோ, "மூணு மணித்தியாலம் முன்னுக்கே ஏர்போட்டுக்கு வந்துரு, தங்கச்சி" என்கிறார். அவள் முந்தின நாளே கிளம்பிவிட்டாள்.