மாமாவின் பெட்டிக்குள் ஒற்றன்

மரக்காணத்தில் ரகசியம் காப்பது கஷ்டம். உப்பளம் என்பது வெட்டவெளி. எந்த வரப்பில் யார் யாரோடு நின்று பேசுகிறார்கள் என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். முதலாம் நூற்றாண்டிலேயே ஒரு கிரேக்க மொழிக்காரன் இந்தக் கரையின் துறைமுகங்களை, காமரா, பொதுகா, சோபட்மா என்று எழுதிவைத்திருக்கிறான். அந்தச் சோபட்மா நாங்கள்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஆக, வேவு பார்க்கப்படுவதில் எங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு.

என் மாமாவுக்குத்தான் அந்தப் பக்குவம் வரவில்லை. உப்பு வியாபாரி. நாளைக்கு மூட்டை என்ன விலை என்று ராத்திரி முடிவு செய்தால், விடிந்ததும் எதிர்க்கடைக்காரர் அதற்கு இரண்டு ரூபாய் கீழே விலை சொல்கிறாராம்.

"பெட்டிக்குள்ள எவனோ உக்காந்திருக்கான் மாப்ள" என்றார்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் என்பது என் குடும்பத்துக்கு ஞாபகம் வருவது இரண்டு நேரங்களில்: ஒற்றன் வந்தால், இல்லையென்றால் பிரிண்டர் மக்கர் பண்ணினால்.

ஆதாரம் கேட்டேன். மவுஸ் தானாக நகர்கிறது. ராத்திரியில் ஃபேன் சத்தம் போடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தார்ப்பாய் வாங்கணும் என்று மாமியிடம் வாயால்தான் சொன்னார், உடனே திரையில் தார்ப்பாய் விளம்பரம். ஐப்பசி பிறக்கப்போகிறது, உப்பு அம்பாரத்தை மூட ஊரே தார்ப்பாய் தேடும் சமயம், இதைக் கண்டுபிடிக்க ஒற்றன் வேண்டாம், காலண்டர் போதும் என்றேன். மாமா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

ஆனால் அவர் பயத்தைச் சும்மா சிரித்துத் தள்ளவும் முடியாது. இதே கடலோரத்தில் தெற்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 செப்டம்பர் 4ஆம் தேதி அணுமின் கழகத்துக்கு, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு தகவல் கொடுத்தது, உங்கள் கணினியில் வேவு நிரல் இருக்கிறது என்று. அக்டோபர் 29ஆம் தேதி நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது: எங்கள் கட்டுப்பாட்டுக் கணினிகள் தனி, வெளியே எதோடும் இணைப்பில்லை, தாக்குதல் சாத்தியமே இல்லை. மறுநாள் கழகமே ஒப்புக்கொண்டது: இருந்தது உண்மைதான், நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில், அணு உலைப் பக்கம் போகவில்லை. டீட்ராக் என்று பெயர். என்ன தட்டச்சு செய்கிறோம், எந்தப் பக்கம் பார்த்தோம், என்னென்ன கோப்பு வைத்திருக்கிறோம் எல்லாவற்றையும் திரட்டும் ஜாதி. இதை மாமாவிடம் சொன்னது வினையாகப் போயிற்று. "பாத்தியா! அங்க அணு, இங்க உப்பு!" என்றார், இரண்டும் ஒரே துறை என்கிற பெருமையோடு.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். திருகாணியின் தலை துருவில் உதிர்ந்தது. யூஎஸ்பி ஓட்டைகளில் பச்சைக் களிம்பு. மதர்போர்டு ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது. ஃபேனுக்குப் பின்னால் இரண்டு பல்லி முட்டை. வெளிநாட்டு ஒற்றன் யாராவது இதற்குள் குடியிருந்தால் முதல் வாரமே மூச்சுத்திணறி ஊரைப் பார்க்கப் போயிருப்பான்.

"நானே எல்லாத்தையும் டெலிட் பண்ணி, குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேனே" என்றார் மாமா.

டெலிட் என்பது பட்டியலிலிருந்து பெயரை அடிப்பதுதான். அதன்மேல் வேறெதுவும் எழுதப்படும்வரை, தகவல் டிஸ்க்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். அவசர ஃபார்மட்டும் அவ்வளவுதான். இதை அவருக்குப் புரியவைக்க அவர் தொழிலுக்கே போனேன். கார்த்திகை, மார்கழி மழைத்தண்ணியை வடித்துவிட்டதால் மட்டும் பாத்தி தயாராகிவிடுமா? சேற்றை வழித்தெடுத்து, தரையைக் காலால் மிதித்து இறுக்கினால்தானே தை, மாசியில் வெள்ளை உப்பு? "அடச்சீ, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன" என்றவர், "எத்தனை மிதி மிதிக்கணும்?" என்றார்.

அருமையான கேள்வி. 1996இல் நியூசிலாந்தின் பீட்டர் கட்மேன் 35 மிதி என்றார். அந்தக் காலத்தில் புழங்கிய விதவிதமான டிஸ்க்குகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு அத்தனையும் வீண் என்று அவரே பிற்பாடு எழுதிவிட்டார். ஆனால் உலகம் முதலில் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டது. ஒரு டெராபைட்டில் ஒரு சுற்று பூஜ்யம் எழுத ஏறக்குறைய மூன்று மணி நேரம். 35 சுற்றென்றால் நாலு நாளுக்கு மேல். ஒரு சுற்றே போதும். எஸ்எஸ்டியாக இருந்தால் இந்த மிதியே சரிவராது, அது நாம் எழுதச் சொன்ன இடத்தில் எழுதாமல் தன் இஷ்டத்துக்கு வேறிடத்தில் எழுதும். அதற்கு அதைச் செய்த கம்பெனியே தரும் அழிப்புக் கட்டளைதான் வழி.

துடைப்பதற்கு முன் வெளியே எடுத்து வைத்தது கணக்குத் தாள்களும் போட்டோக்களும் மட்டும். மென்பொருள் எதையும் எடுக்கவில்லை. மாமாவின் கணக்கு மென்பொருள் யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த 'கிராக்' சரக்கு. ஒற்றன் வருவதே பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் என்றேன். "அதை மட்டும் விட்டுடேன், நல்லா ஓடுது" என்று கெஞ்சினார். புது விண்டோஸை என் லேப்டாப்பிலிருந்து பென்டிரைவில் எடுத்து வந்தேன், சந்தேகப்பட்ட பெட்டியிலேயே அதைத் தயாரித்தால் ஒற்றனும் கூடவே ஏறிக்கொள்வான். மதர்போர்டு சில்லுக்குள்ளேயே குடியேறி, டிஸ்க்கை மாற்றினாலும் போகாத லோஜாக்ஸ் என்ற ஒன்றை 2018இல் இசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. இதை மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கடையையே இடிக்கச் சொல்வார்.

பூஜ்யம் ஓட ஆரம்பித்தது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாலு சதவீதத்தில் டீ வந்தது. பதினொன்றில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தியது. "வெறும் பூஜ்யம் எழுத இவ்வளவு நேரமா? எங்க கணக்கப்பிள்ளை லாபப் பத்தியில டக்குடக்குன்னு போடுவாரே" என்றார்.

அது ஓடும் நேரத்தில் பாஸ்வேர்டுகளை மாற்றலாம் என்று அவர் செல்போனை வாங்கினேன். பெட்டியை எவ்வளவு துடைத்தாலும், ஏற்கெனவே களவு போன பாஸ்வேர்டு திரும்பி வராது. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் தொட்டேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர், சித்திரையிலிருந்து திறந்தே கிடக்கிறது. மாமாவுடையது அல்ல. ஆதாரை பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பைத் திறந்தவர், மூடாமலே வந்துவிட்டார். செல்போனை 14 நாள் தொடாமல் இருந்தால் அந்த இணைப்பு தானாக அறுந்திருக்கும். மாமா 14 நிமிஷம் தொடாமல் இருந்ததில்லை. ராத்திரி தரகருக்கு அவர் அனுப்பும் விலை, அதே நொடியில் அங்கேயும் போய் விழுந்திருக்கிறது. கடை யாருடையது? எதிர்க்கடைக்காரரின் மச்சினனுடையது.

மாமா நம்ப மறுத்தார். சைனாக்காரன் வேவு பார்த்தால் ஒரு மரியாதை இருக்கிறது. ஜெராக்ஸ் கடைப் பையன் பார்த்தான் என்றால் வெளியே சொல்ல முடியுமா? அதோடு மனிதனைச் சந்தேகப்பட்டால் நாளைக்கு அவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாது. கம்ப்யூட்டர் பத்திரிகை வைக்காது. எனவே குற்றவாளி டிஸ்க்தான் என்று தீர்ப்பானது. துடைத்ததும் போதாது, புது எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு, பழையதை அம்பாரத்துக்குள் புதைக்கப்போவதாகச் சொன்னார், உப்பு அரித்துவிடுமாம்.

2003இல் கொலம்பியா விண்கலம் சிதறி, அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் கருகி டெக்சாஸில் விழுந்தது. அதிலிருந்தே 99 சதவீதம் தகவலை மீட்டார்கள் என்றேன். என் வாய் சும்மா இருக்காது. கூடவே, 2013 ஜூலையில் லண்டன் கார்டியன் பத்திரிகை ஆபீசின் அடித்தளத்தில் ஸ்னோடன் கசியவிட்ட ரகசியக் கோப்புகள் இருந்த கம்ப்யூட்டர்களை, அரசாங்க உளவுத்துறை ஆட்கள் பக்கத்தில் நின்று பார்க்க, கிரைண்டர் வைத்து அறுத்த கதையையும் சொல்லிவைத்தேன்.

மாமா டிஸ்க் உடைப்பைத் தன் முறைப்படி செய்தார். அமாவாசையன்று கடை வாசலில் பூசணிக்காய் உடைத்த கையோடு, அதே குங்குமத்தை டிஸ்க்கின் மேலும் தடவி, கற்பூரம் காட்டி, கடப்பாரையால் நாலு போடு போட்டார். தெருவே கூடி நின்றது. ஜெராக்ஸ் கடைப் பையனும் வந்திருந்தான்.

"என்னாங்க, எதுக்கு உடைக்கிறீங்க?" என்றான்.

மாமா கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "உனக்குத் தெரியாததா தம்பி?" என்றார்.