சாவிக்காரர்

போடிநாயக்கனூரில் சாவிக்காரர் என்றால் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை, பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு வகை இளைஞர் அவர். 2020 ஊரடங்கில் "ரெண்டே வாரம்" என்று ஒற்றைப் பையோடு வந்து இறங்கினார். அந்த ரெண்டு வாரம் இன்னும் முடியவில்லை.

ஆன்ட்ராய்டு போனில் விபிஎன், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகும் ரகசியப் பாதை, இணைந்திருந்தால் மேல் ஓரத்தில் கடுகளவு சாவிப் படம் ஒன்று தெரியும். அது தெரிகிறதா என்று பார்ப்பதுதான் இவருடைய முழுநேரத் தொழில். சம்பளம் என்னவோ வேறு வேலைக்கு வருகிறது.

கல்யாணப் பந்தியில் இவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே இடது கை போனை ஒரு தட்டுத் தட்டும். சாவி இருக்கும். முகத்தில் ஒரு நிம்மதி வரும், மோருக்குள் போய்விடும். மறுபடியும் ஒரு தட்டு. இதில் ஒரு வேடிக்கை. போன் தூங்கும்போதுதான் விபிஎன் அறுகிறது. இவர் தட்டினால் போன் விழித்துக்கொள்கிறது. அறுந்த விபிஎன் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறது. ஆகவே எந்த நோய்க்காக இவர் ராப்பகலாகக் கண்விழிக்கிறாரோ, அதை இவர் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆபீஸ் சர்வரின் பதிவில்தான் அது தெரியும்.

நோய்க்குக் காரணம் இரண்டு. 2015-ல் வந்த ஆன்ட்ராய்டு 6 'டோஸ்' என்று ஒரு தூக்கத்தைக் கொண்டுவந்தது. திரை அணைந்து, சார்ஜர் இல்லாமல், அசையாமல் கிடக்கிற போன், பேட்டரியை மிச்சம் பிடிக்க ஆப்களுக்கு இணையத்தை மூடிவிடும்; இடையிடையே கொஞ்சம் திறந்து மூடும். இது போதாதென்று சில போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்குப் பின்னணியில் ஓடும் ஆப்களைத் தாங்களாகவே அடித்துப் போட்டுவிடுகின்றன. இரண்டாவது காரணம் டவர்க்காரர். ஒரே இணைய முகவரியை ஏகப்பட்ட போன்களுக்குப் பங்குவைத்துக் கொடுப்பவர் அவர். கொஞ்ச நேரம் பேச்சுமூச்சு இல்லையென்றால் 'இந்த ஆள் போய்விட்டான்' என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுவார். அதற்குத்தான் வயர்கார்டு போன்ற விபிஎன்களில் 25 விநாடிக்கு ஒரு முறை வெறும் பாக்கெட் ஒன்றை அனுப்பும் வசதி இருக்கிறது. நாமாகப் போடாவிட்டால் அது ஓடாது.

"இருபத்தஞ்சு செகண்டுக்கு ஒருக்கா அப்படி என்னத்தடா அனுப்புற?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. இருக்கேன், இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். இல்லாட்டி நடுவுல இருக்கவன் மறந்துருவான்."

அப்பா பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். "ஸ்டோர்ல காய் காயுறப்ப ராத்திரி பூரா அடுப்புக்கு விறகு தள்ளிக்கிட்டே இருப்பாங்கள்ல, அந்த மாதிரிங்கிற. அதுக்கு ஆள் போட்டிருக்கம்டா. நீ எதுக்கு முழிச்சுக் கெடக்குற?"

இந்தக் கேள்விக்கு சாவிக்காரரிடம் இன்றுவரை பதில் இல்லை.

வாரக் கடைசியில் அப்பாவோடு ஜீப்பில் போடிமெட்டு ஏறும்போதுதான் இவருக்கு விபிஎன் அமோகமாக ஓடும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் போன் அசையாமல் இருக்க வேண்டும் என்பது கூகுள் போட்ட விதி. பதினேழு கொண்டை ஊசி வளைவில், காய் எடுக்கப் போகும் ஆட்களோடு நெருக்கியடித்துப் போகும் ஜீப்பில், எது அசையாமல் இருக்கும்? மேலே போனதும் தமிழ்நாட்டு டவர் கைவிடும், கேரள டவர் பிடிக்கும். முகவரி மாறினால் பழைய பாணி விபிஎன்கள் அறுந்துவிடும். வயர்கார்டும், முகவரி மாறினாலும் தொடரும் 'மொபைக்' வசதி உள்ள ஐகேஇவி2 வகை விபிஎன்னும் தாக்குப்பிடிக்கும். சிக்னலே இல்லாத சரிவில் எதுவும் பிடிக்காது. சாவிக்காரர் அதையும் மீட்டிங்கில் பத்து நிமிஷம் விளக்குவார்.

ஊருக்குள் விபிஎன்னுக்கு அத்தனை நல்ல பெயர் கிடையாது. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்த பிறகு, "விபிஎன்னா பப்ஜிக்குப் போடுறதுதான மாப்ள?" என்று கேட்காத டீக்கடை இல்லை. உடனே இவர் கிளம்பிவிடுவார். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் விற்பவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றது, வெளிநாட்டு விபிஎன்காரர்கள் சிலர் இந்திய சர்வர்களையே எடுத்துக்கொண்டு போனது, கம்பெனி விபிஎன்னுக்கு அந்த உத்தரவு பொருந்தாது... கேட்டவர் வடைக்குக் காசு கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

இடுப்பில் பவர் பேங்க் எப்போதும் இருக்கும். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் டோஸ் வராதல்லவா. "இடுப்புல என்னய்யா ராசா பொட்டலம்?" என்று அம்மா கேட்டு அலுத்துவிட்டார். அது சும்மா கிடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு நாள் செட்டிங்ஸில் 'எப்போதும் விபிஎன்', 'விபிஎன் இல்லாமல் இணையத்தைத் தடு' என்ற இரண்டையும் போட்டுவிட்டார். அன்றைக்குப் பார்த்து பவர் பேங்க் தீர்ந்துவிட்டது. மத்தியானம் போனும் இவரும் ஒன்றாகத் தூங்க, விபிஎன் செத்தது. தடு என்று சொன்னதால் போன் அத்தனையையும் தடுத்தது. உலகம் அமைதியாக இருந்தது. அக்கா அனுப்பிய பெண் போட்டோ மட்டும் ஒற்றை டிக்கோடு மூன்று மணி நேரம் நின்றது. பெண் வீட்டார் அதற்குள், "மாப்பிள்ளைக்கு இஷ்டமில்ல போல" என்று முடிவுக்கு வந்திருந்தார்கள்.

அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன சேதி அதில்தான் வந்தது. ஒரு ரிங், எடுத்தார், கேட்டார், வைத்தார். சாதாரணக் கால் எந்தப் போனையும் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். நிஜமாகவே சர்வர் விழுந்தால் சாவிக்காரருடைய கம்பெனியும் சாதாரணக் கால்தான் போடுகிறது.

இவர் பிறந்து வளர்ந்த ஊருக்கோ பொறுமை அதிகம். 2010 முடிவில் அகலப்பாதை வேலைக்காக நின்ற ரயிலுக்கு 2023 ஜூன் வரை காத்திருந்த ஊர் இது. அந்த ஊர்ப் பிள்ளை பன்னிரண்டு விநாடி இணைப்பு அறுந்ததற்கு மேனேஜருக்கு மூன்று பத்தியில் விளக்கக் கடிதம் எழுதுகிறார்.

உண்மையில் ஐந்து நிமிஷ வேலை. விபிஎன் ஆப்பின் பேட்டரி செட்டிங்கை 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்றி, 'எப்போதும் விபிஎன்' மட்டும் போட்டு, 25 விநாடிப் பாக்கெட்டை ஓடவிட்டால் பெரும்பாலான போன்களில் சரியாகிவிடும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் கரையும். சித்தப்பா பையன் ஒரு தடவை இதைச் செய்தும் கொடுத்தான். ஆபீஸ் சர்வர் பதிவில் ஒரு அறுப்புகூட இல்லை. இரண்டு நாள் சாவிக்காரர் பேயறைந்தவராகத் திரிந்தார். மூன்றாம் நாள், பேட்டரி வீணாகிறதென்று பழையபடி மாற்றிக்கொண்டார். அறுகிற விபிஎன் இருக்கும்வரைதான் வீட்டில் தேங்காய் உரிக்கக் கூப்பிட மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். ராத்திரி அந்தப் போனைச் சார்ஜரில் செருகுங்கள். ஆளைத் தூங்கச் சொல்லுங்கள்.