ஆற்றுக்குத் தெரியாத அடிக்கணக்கு

அமெரிக்காவில் தாழ்வான ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவர் வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை. உயரச் சான்றிதழைப் பார்த்தால் போதும். உரிமம் பெற்ற சர்வேயர் வந்து தரைத்தளம், சுவரை ஒட்டிய மண், ஏசிப் பெட்டி எல்லாம் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று அடியில் பத்தில் ஒரு பங்குவரை எழுதித் தருவார். மண்ணின் மிகத் தாழ்ந்த முனையே மத்தியப் பேரிடர் அமைப்பான ஃபீமா குறித்த வெள்ள மட்டத்தைத் தொட்டுவிட்டால், விண்ணப்பம் போட்டு வெள்ள அபாயப் பகுதியிலிருந்தே பெயர் நீக்கிக்கொள்ளலாம். ஒரு அங்குலம் குறைந்தால் இன்சூரன்ஸ் கட்டச் சொல்லிக் கடன் கொடுத்த வங்கி பிடரியில் உட்கார்ந்துவிடும்.

அந்த மட்டம் 'நூறாண்டு வெள்ளம்' எட்டும் உயரமாம். ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புதான். 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் அது ஏறக்குறைய 26 சதவீதமாவதை வீடு விற்பவர் சொல்வாரா என்ன? ஹூஸ்டனிலோ 2015, 2016, 2017 என்று ஆண்டுக்கொன்றாக 'ஐந்நூறாண்டு' வெள்ளங்களே வந்தன. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக் கணக்கு மூன்றே வருடத்தில் பைசல்.

வெள்ள இன்சூரன்ஸுக்கு 2021இல் வந்த புதிய கட்டண முறையில் பிரீமியம் கணக்கிடச் சான்றிதழ் கட்டாயமில்லை. கொடுத்தால், பிரீமியம் குறைகிற பட்சத்தில் மட்டும் கணக்கில் எடுப்பார்கள். குறையாவிட்டாலும் சர்வேயர் கூலி கூலிதான்.