எஞ்சிய அரைப் பை சீமெந்து: ஓர் ஆராய்ச்சி

மனையடி சாஸ்திரம் அறையின் நீள அகலங்களுக்குப் பலன் கூறுமேயன்றி, கூரை ஒழுகும்போது பாத்திரத்தை எவ்விடத்தில் வைப்பது என்பதற்கு விதி கூறாதாகையால், முதன்முறையாக வீடு திருத்தப் புகும் மட்டக்களப்புக் கிரான் வாசிகளின் நன்மையை உத்தேசித்து இவ்வாராய்ச்சி வரையப்படுகிறது.

திருத்தம் தரை, சுவர், கூரை, எச்சம் என நால்வகைப்படும். தரையைக் குறித்துச் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. சுவருக்கு ஒரே விதி: வாவிக்கரை மணலையும் உவர்நீரையும் கொண்டு பூசிய சுவர் உப்புப் பூக்கும், அதன்மேல் அடித்த பெயின்ற் உரிந்து விழும். கூரைக்கோ சரித்திரம் உண்டு. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைக் கொண்டுபோன நாள்முதல், கைமரம் வளையோடு இறுகப் பிணைக்கப்பட்டதா என்று பார்ப்பது ஓடு எண்ணுவதற்கு முந்திய கடமையாயிற்று. திருத்தல் வேறு, கட்டல் வேறு என்பதைத் தர்க்கவாதிகள் நிறுவி முடிப்பதற்குள், 2012இல் வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறையில் வடக்கு கிழக்கில் ஆரம்பமான இந்திய வீடமைப்புத் திட்டம், புதுவீட்டுக்கு 5,50,000 ரூபாயும் திருத்தத்துக்கு 2,50,000 ரூபாயும் என வகுத்து, இவ்விரண்டின் பேதம் சரியாக 3,00,000 ரூபாய் என நிர்ணயித்துவிட்டது.

நமது ஆராய்ச்சியின் உயிர்நிலை எச்சமாகும். மேசனின் கணக்கு எத்துணை நுட்பமாயினும், வேலை முடியும் மாலையில் வாய் அவிழ்த்த ஐம்பது கிலோப் பையொன்றில் அரைவாசி எஞ்சியே தீரும். ஈரக்காற்றுப் பட்டால் அது கல்லாகிவிடுமாதலின் உடனே உபயோகித்தாக வேண்டும். “அரப் பை கிடக்கு மனே, வீணாப் போகப்போகுது, குசினிப் படிய ஒருக்காப் பூசி விடுவமா?” என்று மேசன் வினவும் அந்த க்ஷணத்திலேயே சம்சாரச் சக்கரம் சுழலத் தொடங்குகிறது. படிக்கு மணல் போதாது, மணலோ கியூப் கணக்கில் வந்து இறங்கும், படி முடிந்தபின் மணல் எஞ்சும், மணல் வீணாகாதிருக்கச் சீமெந்து வாங்கப்படும், சீமெந்து எஞ்சும். இதனை அநாதி என்பர் ஒரு சாரார். நாட்கூலிக்கு மட்டுமே இது அநந்தம், கொந்தராத்துக்கு அந்தம் உண்டு என்பர் மற்றொரு சாரார்.

இவ்வாதத்துக்குப் பிரமாணமாக அகப்பட்டிருப்பது, குசினிச் சுவரில் ஓடாவியின் பென்சிலால் எழுதப்பட்டு, பின்னர் பாதி வெள்ளையடிக்கப்பட்ட கணக்குச் சாசனம் ஒன்று. அதன் முதல் வரியை ‘19 பை’ என மேசன் மரபினர் வாசிக்க, ‘14 பை’ என வீட்டுக்காரர் மரபினர் மறுக்க, தேநீர்க்கடை உரைகாரரோ அது சீமெந்தே அன்று, பிளேன்ரீக் கணக்கு என்பர். மூன்றாம் வரியிலுள்ள வளைந்த கோட்டை முற்றுப்புள்ளியிடத் தவறிய தொகை என்பாரும், வெள்ளையடிக்கும்போது அசையாதிருந்த பல்லியின் தடம் என்பாரும் உளர். பல்லிக் கட்சியார் எழுதிய உரைக்கு எழுந்த மறுப்பின் ஓரத்தில், வீட்டுக்காரி குறித்து வைத்த பால் கணக்கையும் இடைச்செருகல் எனத் தள்ளாது மூலபாடமாகவே கொண்டு, அதற்கும் பதவுரை வகுத்துள்ளனர். 1962இல் அச்சேறிய மட்டக்களப்பு மான்மியத்தின் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் முன்னும் பின்னும் நகர்த்த அஞ்சாத நம் புலவர்களோ, இது போன வைகாசியில் எழுதியது என்று அவ்வம்மையாரே எதிரில் நின்று சொல்லியும், வேறு ஆதாரம் கிடைக்கும்வரை முடிவு கூறலாகாது என்று கைவிரித்துவிட்டனர்.

ஆதலின் இத்துறையில் புதிதாக இறங்குவோர், கச்சான் காற்று வீசும் காலத்திலேயே ஓடு பிரித்துப் புரட்டாசிக்குள் மூடிவிடுக. மாரி பிறந்து, கிரான் – புலிபாய்ந்தகல் வீதியின் மேல் வெள்ளம் ஏறிப் படகு ஓடத் தொடங்கியபின் மேசனைத் தேடுவதில் பயனில்லை. அரைப் பை எஞ்சினால் அன்று பொழுதுபடுமுன் அயல் வளவுக்குக் கொடுத்துவிடுக. ஏன் கொடுக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.