மூன்று மகுடமா, நான்கா?

கேள்வி: ஒரே ஆண்டில் அதிகம் சாதித்த சைக்கிள் வீரர் யார்? 1974 மெர்க்ஸா, 2024 பொகாச்சரா? டீக்கடையில் சண்டை ஓயவில்லை.
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: இத்தாலிச் சுற்று, பிரான்ஸ் சுற்று, உலகப் பட்டம் மூன்றையும் இருவருமே வாரினார்கள். 1987-இல் அயர்லாந்தின் ஸ்டீபன் ரோச்சும்தான். பாவம், அவரை உங்கள் சண்டையில் யாரும் சேர்க்கவில்லை! லியேஜ், லொம்பார்டியா ஒருநாள் பந்தயங்களையும் அள்ளிய பொகாச்சருக்கே ஆண்களில் என் ஓட்டு. ஆனால் 2022-இல் நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்றிலும் பெண்கள் பந்தயங்களை வென்று, முறிந்த முழங்கையோடு உலகப் பட்டத்தையும் பிடித்தார். வயது 39! நமக்கு மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு பஸ்ஸில் ஏறினாலே இடுப்பு கழன்றுவிடுகிறது, அண்ணாச்சி.