வானம் பார்த்த சட்டி

கண்டியில் டிஷ் வாங்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "மலை மறைக்காதா?" தெற்கே ஹந்தானை, வடகிழக்கே நக்கிள்ஸ், எங்கள் மஹியாவையில் நின்று பார்த்தால் இந்தப் பக்கம் பஹிரவகந்தை, அந்தப் பக்கம் உடவத்தகலைக் காடு. நியாயமான கேள்விதான். ஆனால் மலை மறைக்காது. இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு பேராசிரியக் களை வந்துவிடும். வீட்டில் மற்ற எல்லா விஷயமும் மற்றவர்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். தப்பிப் பிழைத்து என் கையில் சிக்கியது இது ஒன்றுதான். அதை நான் விடுவதாக இல்லை.

டிவி செய்மதிகள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுற்றுகிற கதியிலேயே சுற்றுகின்றன. அதனால் நமக்கு அவை நகராமல் நிற்கின்றன. கண்டி அந்த ரேகைக்கு ஏழு பாகை சொச்சம் வடக்கே, கிழக்கு நெடுங்கோடு 80.6இல் இருக்கிறது. இந்தியச் செய்மதிகள் சில நிற்பது 83இல். கணக்குப் போட்டால், அடிவானத்திலிருந்து 81 பாகை உயரம். உச்சந்தலைக்கு மேலே என்றே வைத்துக்கொள்ளலாம். ஹந்தானை எழுந்து நின்றாலும் எட்டாது.

லண்டன் மச்சான் இதை நம்பவில்லை. "சுவர்ல பூட்டுங்க அத்தான், தென்கிழக்குப் பக்கமா" என்று போனில் அடித்துச் சொன்னான். அவன் ஊரில் செய்மதி அடிவானத்துக்கு 25 பாகை மேலே தொங்குகிறது. அங்கே டிஷ் சுவரில் நின்றபடி தெருவை வேடிக்கை பார்க்கும். இங்கே மல்லாந்து படுத்து ஆகாயத்தைப் பார்க்கும். வானம் பார்த்த பூமி என்று கேள்விப்பட்டிருக்கிறோம், இது வானம் பார்த்த சட்டி.

ஆகவே கண்டிக்காரன் டிஷ் தெரிவு செய்யும்போது மலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேலேயிருந்து என்னென்ன விழும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். முதலாவது மழை. எட்டடி அகல முழுத் தகட்டு டிஷ் ஒன்றை ஒன்பது பாகை மட்டும் சாய்த்துக் கூரைச் சிலாப்பில் வைத்தால் அது அன்டெனா அல்ல, தொட்டி. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் தவறாமல் இடியோடு கொட்டுகிற ஊர் இது. தண்ணீர் நின்றால் நுளம்பு, நுளம்பு வந்தால் டெங்கு, டெங்கு என்றால் சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. பக்கத்துத் தெருவில் பூச்சாடித் தட்டுக்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். எட்டடிச் சாடிக்கு என்ன கொடுப்பார்கள் என்று யோசித்தேன். அடியில் ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். ஓட்டை போட்டுத் தருகிற பொருளைப் புதுப் பொருளின் விலைக்கு வாங்க மனசு வரவில்லை.

அப்படியானால் வலை டிஷ். ஓட்டை ஏற்கெனவே உண்டு, ஆயிரக்கணக்கில். பெரிய டிஷ் பிடிக்கிற சீ-பேண்ட் அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர் அளவு. சின்ன ஓட்டைகள் அதன் கண்ணில் படாது, வலையைத் தகடு என்றே நினைத்துத் திரும்பிவிடும். இந்தியாவில் 1975இல் கிராமம் கிராமமாகச் செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனை நடத்தியபோது, கோழிக்கூட்டுக் கம்பி வலையில்தான் பத்தடி டிஷ் செய்தார்கள். அந்த நாட்களில் இஸ்ரோவின் எஞ்சினியர்கள் கொழும்புக்கும் வந்து ஆர்தர் சி. கிளார்க் வீட்டில் ஒரு டிஷ் பூட்டிக் கொடுத்தார்கள். செய்மதியை அந்த உயரத்தில் நிறுத்தலாம் என்று 1945லேயே கட்டுரை எழுதியவர் அவர். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது, 1979இல்தான் வந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத படம் ஒரு வீட்டில் மட்டும் ஓடியிருக்கிறது! அந்த வீட்டில் ரிமோட்டுக்குச் சண்டை நடந்திருக்காது என்பதுதான் எனக்குப் பெரிய பொறாமை. அவரே 1979இல் வெளியிட்ட நாவலில் இலங்கையைக் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிப் பூமத்திய ரேகையில் உட்கார வைத்தார். நிஜத்தில் அப்படித் தள்ளியிருந்தால் டிஷ்ஷை இன்னும் மட்டமாகப் படுக்கப் போட்டு, தண்ணீரை ஒரு சொட்டுக் கூடச் சிந்தாமல் பிடித்திருக்கலாம்.

வலை டிஷ் என்று முடிவெடுத்து வீட்டில் அறிவித்தேன். அம்மாவுக்கு சன் டிவி வேண்டும், மனைவிக்கு விஜய். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு வானத்தின் வரைபடம் தெரியாது. நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கிய காலத்தில், பெரிய டிஷ்காரர்களுக்கு சன் மேற்கே 66 பாகையில் இருந்த செய்மதியில் வந்தது, விஜய் கிழக்கே 105.5இல். மாமியாரும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்தபடி வானத்தில் நாற்பது பாகை இடைவெளியில் இருந்தார்கள். நடுவில் மோட்டார் வைத்து டிஷ்ஷைத் திருப்பலாம். ஏழு மணிக்கு மேற்கு, ஏழரைக்குக் கிழக்கு. கிர்ரென்று திரும்புகிற அந்த நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து யாரைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மோட்டார் யோசனையை மகனிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது, குரங்கு. உடவத்தகலையிலிருந்து மின்கம்பி வழியாகக் காலை ரவுண்ட் வருகிற கூட்டத்துக்கு எங்கள் சிலாப் ஒரு ஹோல்ட். முன்வீட்டுக்காரரின் டிஷ்ஷில் ஒரு தாய்க்குரங்கு குட்டியோடு சாய்ந்து உட்கார்ந்து, அலையை வாங்குகிற எல்.என்.பி.யைக் கையால் பிடித்துக்கொண்டு பேன் பார்த்தது. உள்ளே அவர் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். குரங்கு எழுந்து போனதும் படம் வந்தது. "கேபிள்ல லூஸ் கனெக்‌ஷன், தட்டினதும் சரியாயிட்டு" என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். எட்டடி வலை என்றால் ஒரு குடும்பமே குடியேறும்.

கடைசியில் இரண்டடிச் சின்ன டிஷ்தான் என்று ஆயிற்று. ஒரே செய்மதியில் சன்னும் விஜய்யும் சேர்ந்தே வரும். சின்ன டிஷ்ஷில் எல்.என்.பி. ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிற அமைப்பு, அதனால் தகடும் அவ்வளவு மல்லாக்காமல் சற்று நிமிர்ந்து நிற்கும், தண்ணீர் தேங்காது. குறை ஒன்றுதான். இதன் அலை இரண்டரை சென்டிமீட்டர். பெரிய அலை கண்டுகொள்ளாத மழைத்துளி இதன் காலை வாரிவிடும். சரியாகக் கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயெடுக்கும்போது கண்டி மழை இறங்கும், திரை நீலமாகும், அம்மா என்னைப் பார்ப்பார். மார்ச் நடுவிலும் செப்டெம்பர் கடைசியிலும் மழையே இல்லாமல் மத்தியான நேரத்தில் சில நிமிஷம் படம் போகும். சூரியன் சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வந்து நின்று இரைச்சல் போடுகிற நாட்கள் அவை. அதை விளக்கப்போனேன். "சூரியன் மேல பழி போடுறாரு" என்றாள் மனைவி.

பூட்ட வந்த பொடியன் கட்டுகஸ்தோட்டைக்காரன். நான் பாகை கணக்கெல்லாம் கொப்பியில் எழுதி, திசைகாட்டியோடு தயாராக நின்றேன். அவன் எதிர்க் கூரையில் இருந்த டிஷ்ஷை ஒரு தரம் பார்த்தான், நம்முடையதை அதே மாதிரித் திருப்பினான், "ஹரி மாத்தயா" என்றான். படம் வந்துவிட்டது. திசைகாட்டியை மகன் விளையாட எடுத்துக்கொண்டான். டிஷ் நின்ற இடமும் நான் குறித்த இடமல்ல. கொடிக்கயிறு கட்டாத மூலை எதுவோ அது.

இனி பெட்டியில் செருகுகிற சந்தா அட்டை. இந்தியாவுக்குள் மட்டும் விற்கிற அட்டை என்பதால் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். இந்திய விலாசம் ஒன்று வேண்டுமாம், அதை அவரே போட்டுக்கொள்வாராம். ஒரு ஃபோன் எடுத்தார். தேநீர் ஆறுவதற்குள் எங்கள் பெட்டி திருச்சிவாசியாகிவிட்டது.

வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா சீரியலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். 1964 ஒப்பந்தத்தில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தமிழர்களை ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோது, அம்மாவின் சித்தப்பா குடும்பம் இந்தியப் பக்கம் விழுந்தது. பாஸ்போர்ட்டுக்கு அலைந்து, பெட்டி கட்டி, தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் அவருக்குத் தலை நரைத்துவிட்டதாம்.

"இந்தப் பொட்டிக்கு அஞ்சு நிமிசத்துலயா குடுத்தாங்க?" என்றார்.

"ஆமாம்மா. ஆனா மாசாமாசம் காசு கட்டணும். கட்டாட்டி அன்னைக்கு ராத்திரியே வெட்டிருவாங்க."

"நம்மள வெட்டுனப்பகூட பார்லிமெண்டுல ஒரு சட்டம் போட்டுத்தானேப்பா வெட்டுனாங்க" என்றார் 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்ததைப் பார்த்த அம்மா. பிறகு மனைவி பக்கம் திரும்பி, "இவன் மறந்துருவான், நீ கட்டிரும்மா" என்றார்.